டீச்சர் பொண்ணு

'பேட், வொர்ஸ், வொர்ஸ்ட்' பாடம் வருகிற அன்றைக்குத்தான் நோரா டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் மகள் தேவைப்பட்டாள். மற்ற நாள்களில் ஷில்பா அங்கே கும்பலோடு கும்பலாக ஒருத்தி. அம்மாவை 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். சாப்பாட்டு மணியில் அம்மா பக்கம் வந்து உட்காரக் கூடாது. தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்கவில்லை என்றால் வேறு டீச்சரிடம்தான் போக வேண்டும். இதெல்லாம் நோராவே போட்ட சட்டம். தலைமையாசிரியர் கூட அவ்வளவு கேட்டதில்லை.

சாந்தோம் பெரிய சாலையை விட்டுக் கடல் பக்கம் இறங்கும் சந்தில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பு வரைதான். பிள்ளைகளில் பாதி நொச்சிக்குப்பத்து மீன்காரர்களுடையவை, மீதி மாதா கோயில் பங்குக் குடும்பங்களைச் சேர்ந்தவை. காலையில் வகுப்பறைக்குள் நுழைந்தால் தேங்காய் எண்ணெய் வாசனையும் உப்புக்காற்றும் கலந்து முகத்தில் அடிக்கும். மத்தியானம் கடல்காற்று திரும்புகிற வரைக்கும் மின்விசிறி சுற்றினாலும் ஒன்றுதான், சுற்றாவிட்டாலும் ஒன்றுதான். பதினான்கு வருஷமாக நோரா அங்கே நாலாம் வகுப்பு டீச்சர். ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலீஷும் அவள்தான்.

இங்கிலீஷில் 'டால், டாலர், டாலஸ்ட்' வரைக்கும் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கும். அப்புறம் சொல் பேச்சுக் கேட்காத நாலைந்து வார்த்தைகள் வரும். 'குட், குட்டர், குட்டஸ்ட்' என்று வகுப்பே ஒரே குரலில் கத்தும். புத்தகத்தில் ஒரு கட்டம் போட்டு, மனப்பாடம் செய் என்று எழுதியிருக்கும். நோராவுக்கு மனப்பாடம் பிடிக்காது. வாயால் படித்தது போய்விடும், காலால் படித்தது போகாது என்பது அவள் கட்சி. அதனால் பிள்ளைகளை மேடைக்குக் கூட்டிப் போவாள். மேடைக்கு மூன்று படி. 'லிட்டில், லெஸ், லீஸ்ட்' என்றால் படிக்கொரு டம்ளர், ஒவ்வொன்றிலும் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். 'மெனி, மோர், மோஸ்ட்' என்றால் குப்பத்துப் பிள்ளைகள் டவுசர் பையில் கொண்டுவந்த கிளிஞ்சல்களைக் குவியல் குவியலாக வைப்பார்கள். 'ஃபார்' வந்தால் ஒருத்தன் வாசல் வரை, ஒருத்தன் வேப்பமரம் வரை, ஒருத்தன் கேட்டு வரை ஓட வேண்டும். கேட்டுக்கு ஓடியவன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை, வாட்ச்மேன்தான் பிடித்துக்கொண்டு வருவார். 'குட்'டுக்கு மூன்று பிள்ளைகள் காகிதப் பூவோடு படியேறி நிற்கும்.

சிக்கல் 'பேட்'டில்தான். பூ வைத்துக்கொள்ள ஆள் கிடைக்கும். மோசம் என்று ஏறி நிற்க யார் வருவார்கள்? ஆரம்பத்தில் எது சிரித்த முகமோ, எது மனசில் வைத்துக்கொள்ளாதோ, அப்படிப் பார்த்து மூன்று பிள்ளைகளை நிறுத்துவாள். நாலு வருஷத்துக்கு முந்தி ஒருநாள், மூன்றாம் படியில் நின்ற பிள்ளையின் அம்மா மீன் கூடையோடு வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டாள். லூப் ரோட்டில் மீன் விற்கிற வசந்தி.

"இன்னா டீச்சரு, ஊர்ல ஒனக்கு வேற புள்ளயே கெடைக்கலியா? எம்புள்ளதான் எல்லாத்துலயும் மட்டம்னு மேல ஏத்தி நிக்க வெப்பியா? விடிய முன்ன எந்திரிச்சி காசிமேடு போயி சரக்கு எத்தினு வந்து, இந்த வெயில்ல குந்திக்கினு வித்து, அதுங்கள இஸ்கோலுக்கு அனுப்பினு கீறேன். அது வூட்டுக்கு வந்து, 'நான்தாம்மா ரொம்ப மோசம்'னு சொல்லுது."

"அது வெறும் பாடம் வசந்தி. விளையாட்டு மாதிரி. உன் பொண்ணு நல்லா படிக்கிற பொண்ணு."

"பாடம்னா ஒன் வூட்டுப் புள்ளய நிக்க வெச்சி நடத்து. அப்ப தெரியும்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கூடையிலிருந்து சொட்டிய தண்ணீரை ஆயா வந்து துடைத்தாள். நோராவுக்கு முகம் கன்றிப் போயிற்று. ஆனால் யோசிக்க யோசிக்க அந்தப் பேச்சில் நியாயம் இருப்பதாகப் பட்டது. ஊரார் பிள்ளையை மோசம் என்று சொல்ல நமக்கென்ன உரிமை? நம் பிள்ளை என்றால் கேட்பதற்கு ஆள் இல்லை.

அடுத்த வருஷம் ஷில்பா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். பாடம் வந்த அன்று நோரா ஒரு பிள்ளையை அனுப்பி அவளை வரவழைத்தாள். முதல் படியில் ஒரு ரிப்பனை அவிழ்த்துவிட்டாள், பேட். இரண்டாம் படியில் மூக்கில் சாக்பீஸ் பூசினாள், வொர்ஸ். மூன்றாம் படியில் நாக்கை நீட்டி நோட்டைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னாள், வொர்ஸ்ட். பெரிய பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். ஷில்பாவும் சிரித்தாள். பெரிய வகுப்புக்குத் தன்னைக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்கு அன்று ஒரே பெருமை.

அது அப்படியே வழக்கமாகிவிட்டது. வருஷா வருஷம் ஷில்பாவுக்கு ஆள் போகும். திருப்புதல் நடந்தால் மறுபடியும் போகும். 'தன் புள்ளய நிக்க வெச்சாலும் வெப்பாங்களே தவிர நம்ம புள்ளய ஒரு சொல் சொல்ல மாட்டாங்க' என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தபோது நோராவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பெயர் யாருக்குத்தான் கசக்கும்?

இந்த வருஷம் ஷில்பா அம்மாவின் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். நோராவின் கை இன்னும் இறுகிற்று. மகளின் பேப்பரை மட்டும் இரண்டு தடவை திருத்துவாள், இரண்டாவது தடவை குறைப்பதற்காக. லீடர் வேலை கொடுக்கவில்லை. நாடகத்தில் வேஷம் கொடுக்கவில்லை. பெஞ்சில் யார் பேசினாலும் முதலில் எழுந்து நிற்க வேண்டியது ஷில்பாதான். டீச்சர் பொண்ணு என்று சலுகை காட்டுகிறாள் என ஒருத்தர் வாய் திறந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்ணும் கருத்துமாக இருந்தாள்.

பிப்ரவரியில் மாதிரி வகுப்பு வைத்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து இருபது டீச்சர்கள் வந்து மேடைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஷில்பா மூன்றாம் படியில் ஏறிச் சும்மா நின்றாள்.

"நாக்க நீட்டு," என்றாள் நோரா பல்லிடுக்கில்.

நீட்டினாள். டீச்சர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷில்பாவின் கண் சிரிக்கவில்லை. அதை நோரா பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த அட்டையை எடுத்தாள்.

தவக்காலம் பிறந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்து, கஞ்சியும் பச்சைப்பயறு துவையலும் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜேக்கப்புக்குத் தரமணியில் வேலை. ஆபீஸ் பஸ்களை நேரத்துக்கு அனுப்புகிற சூப்பர்வைசர். அன்று அபூர்வமாகச் சாயங்காலமே வந்துவிட்டிருந்தான்.

"டாடி, அடுத்த வருஷம் நான் ரோஸி அத்தை வீட்டுல இருந்து படிக்கட்டுமா?" என்றாள் ஷில்பா.

ரோஸி, ஜேக்கப்பின் அக்கா. பரங்கிமலையில் இருக்கிறாள். பிள்ளை இல்லை. வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு கான்வென்ட் இருந்தது.

"என்ன திடீர்னு? அங்க நாய்க்குட்டி வாங்கியிருக்காங்களா?" என்று சிரித்தாள் நோரா.

"இல்ல மம்மி. சும்மாதான்."

"சும்மா யாராவது வீட்ட விட்டுப் போவாங்களா? சாப்பிடு."

ஷில்பா கஞ்சியைக் குடித்துவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். மறுநாள் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு தடவை கேட்பாள், அவ்வளவுதான். பிடிவாதம் என்றால் அடித்து அடக்கலாம். இதை என்ன செய்வதென்று நோராவுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை மீன் வாங்க லூப் ரோட்டுக்குப் போனாள். வசந்தியும் அவளும் எப்போதோ ராசியாகிவிட்டார்கள். வசந்தியின் சின்ன மகள் தேசராணி, ஷில்பாவின் வகுப்புத்தான். வெயில் ஏழரை மணிக்கே சுள்ளென்று இறங்கியிருந்தது. வசந்தி குடைக்கடியில் உட்கார்ந்து, பலகையில் பரப்பியிருந்த சங்கரா மீனின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"வா டீச்சரு. சங்கரா இப்பதான் எறங்குச்சி, கண்ணப் பாரு எப்டி கீதுன்னு."

"அரைக் கிலோ போதும் வசந்தி. குழம்புக்குத்தான்."

வசந்தி மூன்று மீனை எடுத்து அரிவாள்மனையில் வைத்தாள். செதில் பறந்து அவள் முழங்கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. செட்டையை வெட்டினாள், செவுளைப் பிடுங்கினாள். கை நிற்காமலே பேசினாள்.

"டீச்சரு, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்க மாட்டியே?"

"கேளு."

"முந்தாநேத்து எம்பொண்ணு கடலாண்ட ஆடினு இருந்துச்சி. ஷில்பாவயும் இட்டாரதுதானேன்னு கேட்டேன். எந்த ஷில்பான்னுது. அட, நம்ம டீச்சர் பொண்ணுடின்னேன். 'ஓ, வொர்ஸ்ட்டா'ன்னுச்சி."

நோரா பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி பேரு அதுன்னேன். அவ பேரே அதாம்மா, இஸ்கோல்ல எல்லாரும் அப்டித்தான் கூப்டுவோம், கூப்ட்டா அவளும் திரும்பிப் பாப்பான்னு சொல்லுது. குடுத்தேன் முதுவுல ரெண்டு. எனக்கு இங்கிலீசு தெரியாது டீச்சரு. ஆனா அந்த ஒரு வார்த்த தெரியும். என் பெரிய பொண்ணு அழுதுகினே சொன்ன வார்த்தையாச்சே."

"எத்தனை நாளா கூப்பிடறாங்களாம்?"

"நாலு வருசமாவாம்."

பக்கத்துப் பலகையில் யாரோ நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நோராவுக்கு எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னாள்:

"நீதானே வசந்தி அன்னைக்குச் சொன்ன? உன் வீட்டுப் பிள்ளைய நிக்க வைன்னு."

வசந்தியின் கை நின்றுவிட்டது.

"ஐய, நான் கோவத்துல சொன்னேன் டீச்சரு! வவுறு எரிஞ்சி சொன்ன பேச்சி அது. அத்தப் போயி யாராச்சும் செய்வாங்களா? நீயும் பெத்தவதானே, நிக்க வெச்சா ஒனக்கும் எரியும், அப்ப என் கஷ்டம் புரியும்னு சொன்னேன்." அவள் நோராவை நிமிர்ந்து பார்த்தாள். "நாலு வருசம் நிக்க வெச்சியே, ஒனக்கு எரியலியா?"

நோராவுக்கு எரியவில்லை என்பதுதான் உண்மை. பெருமையாக இருந்தது. வசந்தி மீனைக் கழுவிப் பையில் போட்டு, கருவேப்பிலையும் ஒரு கொத்து மேலே வைத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து நோரா குழம்பு வைத்தாள். புளியைக் கரைத்தாள், கரைத்ததையே மறுபடி கரைத்தாள். மீனை எப்போது போட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. குழம்பில் மீன் உடைந்து முள்ளும் சதையுமாகக் கிடந்தது. ஷில்பா ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு நோரா அவள் எதிரில் தரையில் போய் உட்கார்ந்தாள்.

"ஸ்கூல்ல உன்ன என்னன்னு கூப்பிடறாங்க?"

ஷில்பா அட்டையின் மூலையை மடித்துத் தேய்த்தாள். "யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. நீ ஏன்டா மம்மிகிட்ட சொல்லல?"

"ஸ்கூல்ல நடக்கறத மிஸ்கிட்டதான் சொல்லணும், வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

"அப்ப மிஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே."

ஷில்பா அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இவ்வளவு பெரியவளுக்கு இது கூடவா தெரியாது என்கிற ஆச்சரியம்தான் இருந்தது.

நோராவுக்குக் கண்ணில் நீர் முட்டிற்று. "மம்மி பண்ணது தப்புடா. இனிமே அந்தப் பாடத்துக்கு உன்னக் கூப்பிடவே மாட்டேன். சத்தியமா. உன் மார்க்கையும் குறைக்க மாட்டேன்."

"மார்க் கூட வந்தா, டீச்சர் பொண்ணுன்னு போட்டாங்கன்னு சொல்வாங்க."

"சொல்லட்டும்."

"அப்ப நீ மறுபடியும் கொறைப்ப." ஷில்பா அடுத்த நோட்டை எடுத்தாள். "நீ வீட்டுல நல்ல மம்மி. அங்கதான். அஞ்சாவதுலயும் நீதானே இங்கிலீஷ். நான் அத்தை வீட்டுக்குப் போறேனே மம்மி."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜேக்கப்பிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சட்டையைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து கேட்டான். கேட்டு முடித்ததும் எழுந்து ஷில்பாவிடம் போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"வேற ஸ்கூல்னா இங்கயே போடலாமே ஜேக்கப். மயிலாப்பூர்ல போடலாம். ஏன் வீட்ட விட்டு அனுப்பணும்?"

"நானும் அவகிட்ட அதான் கேட்டேன் நோரா."

"என்ன சொன்னா?"

ஜேக்கப் குரலைத் தாழ்த்தினான். "இங்க எந்த ஸ்கூலுக்குப் போனாலும் கோயில்ல எல்லாரும் பார்ப்பாங்க, கடைக்குப் போனா பார்ப்பாங்க, அங்கயும் அந்தப் பேரு வந்துடும்னா. பரங்கிமலைல யாருக்கும் தெரியாதாம். கணக்குப் போட்டு வெச்சிருக்கா."

"உனக்கு அவ இல்லாம இருக்க முடியுமா?"

"முடியாது," என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அதுக்காக அவள இங்க வெச்சிக்கலாமா, சொல்லு."

ஈஸ்டருக்கு ரோஸி வந்தாள். கோழி பிரியாணி ஆக்கினார்கள். ஷில்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, அத்தையின் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டே நோரா பாத்திரம் துலக்கினாள். மே மாதம் முதல் வாரத்தில் கான்வென்ட்டில் ரோஸியிடம் விண்ணப்பத்தைக் கொடுத்து, நேர்முகத்துக்கு வரச்சொல்லி அனுப்பினார்கள்.

நேர்முகத்தன்று காலை விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து நோரா நிரப்பினாள். பிள்ளையின் பெயர், ஞானஸ்நானத் தேதி, தந்தையின் தொழில். தாயின் தொழில் என்ற கட்டத்துக்குப் பேனா வந்தபோது, அதன் மேல் ஷில்பாவின் விரல் வந்து உட்கார்ந்தது.

"இது இப்ப வேணாம் மம்மி."

"ஏன்டா?"

"அங்க போய் எழுதிக்கலாம்."

நோரா பேனாவை மூடினாள். பதினான்கு வருஷ வேலை அந்தச் சின்ன விரலுக்கடியில் கிடந்தது. விரலை எடு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஜேக்கப்புக்கு லீவு கிடைக்கவில்லை. நோராவும் ஷில்பாவும் பஸ் பிடித்துப் போனார்கள். சைதாப்பேட்டைப் பாலத்தில் அரை மணி நேரம் வண்டி நின்றது. வேர்வையில் ஷில்பாவின் கவுன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. நோரா முந்தானையால் விசிறிவிட்டாள். இறங்குகிற வரைக்கும் விசிறிக்கொண்டே இருந்தாள், கை வலித்தும் விடவில்லை. கான்வென்ட் வாசலில் ரோஸி மோர் பாட்டிலோடு காத்திருந்தாள்.

தலைமை சிஸ்டர் வயதானவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு விண்ணப்பத்தைப் படித்தார். ஷில்பா அத்தையை ஒட்டி நின்றாள். நோரா தனியாக இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுத்து ரொம்ப அழகா இருக்கே. யார் எழுதினது?"

"நான்தான் சிஸ்டர்."

"தாயின் தொழில் போடலியேம்மா? இந்த எழுத்தப் பார்த்தா டீச்சர் மாதிரி தெரியுது. டீச்சரா நீங்க?"

ஷில்பா கவுனின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்தாள். நோராவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அடி விழப்போவது தெரிந்து நிற்கிற பிள்ளையின் நிற்பு அது. வகுப்பில் பதினான்கு வருஷமாக எத்தனையோ பிள்ளைகளிடம் அதைக் கண்டு, கையைக் கீழே இறக்கியிருக்கிறாள் நோரா. தன் பிள்ளையிடம் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"இல்ல சிஸ்டர்," என்றாள். "நான் வீட்டுலதான் இருக்கேன்."

கன்னியாஸ்திரியிடம் பொய். சிஸ்டர் பேனாவை நீட்டினார். நோரா கட்டத்தில் 'ஹவுஸ் வைஃப்' என்று எழுதினாள். சிஸ்டர் அதைப் படித்தார். புருவம் ஏறிற்று.

"வேலைக்குப் போகலேங்கறீங்க. வீட்டுலதான் இருக்கீங்க. அப்புறம் ஏம்மா பெத்த பிள்ளைய அத்தை வீட்டுல கொண்டுவந்து விடறீங்க?"

ரோஸி எதையோ சொல்ல வாயெடுத்தாள். நோரா முந்திக்கொண்டாள்.

"எனக்குப் பிள்ளைய வளக்கத் தெரியல சிஸ்டர். அவ மேல ஒரு தப்பும் இல்ல. ரொம்ப நல்ல பிள்ள. நான்தான் சரியில்ல."

சிஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நோரா தலை குனியவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தாள். "சரி, நாங்க பார்த்துக்கறோம்," என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார்.

ஷில்பாவின் கையிலிருந்து கவுன் நழுவிற்று. அவள் அத்தையை விட்டு நகர்ந்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, அம்மாவின் நாற்காலியை ஒட்டி, தோளில் கை வைத்து நின்றாள்.

அதற்குள் சிஸ்டர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.